பச்சை முகம், பருத்திமார் துடைப்பம்... எங்கள் வீட்டில் உருவான சூனியக்காரி!

"அம்மா, எனக்கு ஒரு சூனியக்காரி வேஷம் வேணும்!"

கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள் இப்படிக் கேட்டபோது நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் வெங்காயத்துக்குக் காரம் அதிகம். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தாலா, ஆகப்போகும் செலவை நினைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

நம் காலத்தில் மாறுவேடப் போட்டி என்றால் பாரதியார், ஔவையார், ஜான்சி ராணி என்று முடிந்துவிடும். இன்றைய பிள்ளைகள் அதை 'காஸ்ப்ளே' என்கிறார்கள். சினிமாவிலோ காமிக்ஸிலோ வரும் ஒரு கதாபாத்திரத்தின் உடை, கையில் வைத்திருக்கும் பொருள், நடை, பார்வை எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவருவது. 'காஸ்ட்யூம் ப்ளே' என்பதைச் சுருக்கி ஜப்பானில் 1980களில் உருவான சொல் இது. வழக்கம் அதைவிடப் பழையது. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்ற ரசிகரும் அவர் தோழி மிர்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்திச் சென்றார்கள். இரண்டு உடையையும் தைத்தவர் மிர்டில். சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல் 'காமிக் கான்' திருவிழா நடந்தபிறகு, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை தொற்றிக்கொண்டது.

மகள் கேட்டது 'விக்கிட்' படத்தில் வரும் எல்ஃபாபா. பச்சை முகம், கூம்புத் தொப்பி, கறுப்பு அங்கி, கோணல்மாணலான துடைப்பம். ஆன்லைனில் போட்டிருந்த விலைக்கு நல்ல நூல் புடவை நாலு எடுத்துவிடலாம். "வீட்டிலேயே செய்வோம்" என்றேன்.

திண்ணையில் இருந்த என் மாமியார் காதில் அது விழுந்துவிட்டது.

"வேற எந்த வேஷம் வேணும்னாலும் போடு சாமி. அது மட்டும் வேணாம்."

அப்பாயி சொன்ன கதை

சகுனத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்தபிறகு பேத்தியிடம் அவரே சொன்னார்.

"எங்க ஊர்ல என் சின்னத்தைய அப்படித்தான் கூப்புடுவாங்க. புருஷன் போனப்புறம் ஒண்டியா இருந்துச்சு. பக்கத்து வீட்டுல கறவ மாடு செத்துப்போச்சு. இது பார்த்த பார்வைதான்னு எவளோ சொல்லிவுட்டா. அன்னையிலேருந்து அது கையால ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கல. கல்யாண வீட்டுல சோறு மட்டும் கொடுத்தனுப்புவாங்க."

"நீங்க போவீங்களா அப்பாயி?"

"சின்னப் புள்ளையில போவேன். அப்புறம் எங்கம்மா வுடல."

அதற்குமேல் அவர் பேசவில்லை. இது ஒரு ஊரின் கதை மட்டும் அல்ல. சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. பீகாரில் 1999-லும், ஜார்க்கண்டில் 2001-லும் அப்படிச் சட்டங்கள் வந்தன. ஒரு சொல்லுக்கு எதிராகச் சட்டம் தேவைப்படுகிறது என்றால், அந்தச் சொல் எத்தனை வீடுகளை அழித்திருக்கும்!

மகள் கொஞ்ச நேரம் கழித்து எல்ஃபாபாவின் கதையைச் சொன்னாள். பச்சை நிறத்தோடு பிறந்ததால் அப்பாவே வெறுத்த பெண். படிப்பில் கெட்டிக்காரி. நாட்டை ஆளும் மந்திரவாதியின் பித்தலாட்டத்தைக் கண்டுபிடித்து எதிர்த்து நின்றதும், "இவள் பொல்லாத சூனியக்காரி" என்று ஊரெல்லாம் பரப்பிவிடுகிறார்கள்.

"அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் பண்ணல அப்பாயி."

"அப்ப போடு" என்றார்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் கதையையும் அவர்தான் நினைவுபடுத்தினார். செல்லியம்மனையே மந்திரத்தால் கட்டிவைத்திருந்த மந்திரவாதியை மதுரகாளி வதம் செய்ததாகத் தலவரலாறு. "பாரு, அதுலயும் சூனியம் வெச்சவன் ஆம்பளதான்!"

பச்சை எப்போது வந்தது?

வேலையில் இறங்கும் முன் கொஞ்சம் படித்தோம். 1900-ல் எல்.ஃபிராங்க் பாம் எழுதிய 'ஓஸ்' கதையில் மேற்குத் திசைச் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண். கையில் குடை. பச்சை நிறம் கிடையாது. 1939-ல் 'தி விஸார்ட் ஆஃப் ஓஸ்' டெக்னிகலர் படமாக வந்தபோதுதான் முகம் பச்சையானது, துடைப்பமும் கைக்கு வந்தது. கிரிகரி மக்வயர் 1995-ல் அந்தக் கதையைச் சூனியக்காரியின் பக்கம் நின்று 'விக்கிட்' நாவலாக எழுதினார். பாமின் பெயரில் உள்ள எல், எஃப், பி எழுத்துகளின் ஒலியைச் சேர்த்து அவளுக்கு எல்ஃபாபா என்று பெயர் வைத்தார். 2003-ல் அது மேடை நாடகம் ஆனது, 2024-ல் படம். அதற்கு உடை வடிவமைத்த பால் டாஸ்வெல் 2025-ல் ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பிரிவில் விருது பெற்ற முதல் கறுப்பின ஆண் அவர்.

எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு செய்தி. கேரளத்துக் கதகளியில் பச்சை முகம் யாருக்கு? ராமன், கிருஷ்ணன், நளன் போன்ற உத்தமர்களுக்கு! அந்த வேஷத்துக்குப் பெயரே 'பச்சை'. அங்கே நல்லவனைக் காட்டும் நிறம், ஹாலிவுட்டில் பொல்லாதவளைக் காட்டுகிறது.

தொப்பி: கொஞ்சம் கணக்கு

கூம்புத் தொப்பிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். மகளின் தலைச்சுற்று 56 செ.மீ. கூம்பின் சாய்வு உயரம் 40 செ.மீ. வேண்டும். 40 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, அதில் 80 டிகிரி துண்டை வெட்டினால் அதன் வளைந்த ஓரம் சரியாக 56 செ.மீ. வரும். ஒட்டுவதற்கு 2 செ.மீ. கூடுதலாக விட்டுக்கொள்ளுங்கள். விளிம்புக்கு 24 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், நடுவில் 9 செ.மீ. ஆரத்தில் ஓட்டை. ஓட்டையைக் கொஞ்சம் சிறிதாக வெட்டி, ஓரத்தில் பல் பல்லாக நறுக்கி மேல்நோக்கி மடித்தால் கூம்பு அதில் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் தொப்பியைச் சார்ட் அட்டையில் செய்து பார்த்து, அதையே அளவாக வைத்து ஃபோம் ஷீட்டில் வெட்டினோம். மேலே கறுப்புத் துணி. விளிம்பு தொங்காமலிருக்க, கட்டட வேலைக்குக் கம்பி கட்டும் கட்டுக்கம்பியை ஓரத்தில் சுற்றிவைத்துத் தைத்தேன். சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர்ப் பக்கம் அதற்கா பஞ்சம்! கம்பி முனையை மடக்கி, துணி சுற்றி மூட மறக்காதீர்கள். கண்ணருகே இருக்கும் பொருள்.

அங்கி: மூன்று மடங்கு துணி

டாஸ்வெல் காளானின் அடிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய மடிப்புகளைப் பார்த்துத்தான் அந்தக் கறுப்பு உடைக்கு மடிப்பு வைத்தாராம். கத்தி மடிப்பு வைக்க இடுப்பளவைப்போல் மூன்று மடங்கு அகலத் துணி வேண்டும். 70 செ.மீ. இடுப்புக்கு 210 செ.மீ. பருத்தித் துணி என்பதால் சோற்றுக் கஞ்சி போட்டு, மடிப்பு மடிப்பாக ஊசியால் குத்தி, இஸ்திரி போட்டு நிறுத்தினேன். இரண்டு ராத்திரி ஆனது. புதுத்துணியின் பளபளப்பு போக, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டோம்.

துடைப்பம்: அப்பாயியின் கைவரிசை

பெரம்பலூர் பருத்தி விளையும் கரிசல் பூமி. பஞ்சு எடுத்தபிறகு காய்ந்து நிற்கும் பருத்திமாரை அடுப்பெரிக்கத்தான் வைத்திருப்போம். அதை ஒரு கட்டு எடுத்துவந்தார் மாமியார். கைப்பிடிக்கு, கோணலாக வளர்ந்த சீமைக்கருவேலங் கம்பு. முள்ளைச் சீவி, உப்புத்தாள் போட்டு, காவியும் கறுப்பும் கலந்த பெயின்ட் அடித்தோம்.

மகள் குளூ கன்னால் ஒட்டினாள். கையில் எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினாள், பாதி உதிர்ந்தது. மாமியார் சிரித்தார். காலால் கயிற்றை மிதித்துக்கொண்டு, கட்டை உருட்டி உருட்டி இறுக்கிக் கட்டினார். "ஒட்டுனா நிக்காதுடி. இறுக்குனாத்தான் நிக்கும்."

மந்திரப் புத்தகத்தை மகளே செய்தாள். பழைய கணக்கு நோட்டு அட்டைமேல் டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஃபெவிகாலில் ஒட்டிக் காயவைத்து, காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் பெயின்ட் அடித்தால் அசல் தோல் அட்டைதான்! கொக்கியை மட்டும் மரத்தில் செதுக்கலாம் என்று நினைத்தோம். பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் நம் மாவட்டம்தானே. ஒரே மரத்துண்டில் தெய்வங்களைச் செதுக்கும் அந்த ஊரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மரம் கனக்கும். தெருக்கூத்தில் கிரீடமும் புஜகட்டையும் செய்ய, கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தைத் தேடுவதும் அதனால்தான். ராத்திரி முழுக்க ஆடவேண்டியவரின் கழுத்து தாங்கவேண்டாமா? நாங்கள் ஃபோமிலேயே கொக்கி வெட்டிக்கொண்டோம்.

முகத்தில் பூசும்போது கவனம்!

வேஷத்துக்கு நாம் சொல்லும் 'அரிதாரம்' என்பது உண்மையில் ஆர்செனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். 1939 படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனின் பச்சைப் பூச்சில் தாமிரம் இருந்தது. 1938 டிசம்பரில் ஒரு காட்சியில் தீ முன்கூட்டியே பற்றி அவர் முகமும் கையும் வெந்துபோயின. புண்ணில் தாமிரம் இறங்கிவிடக் கூடாது என்று, வெந்த தோலின்மேலேயே ஆல்கஹால் வைத்துத் துடைத்தெடுத்தார்கள். குணமாகி வர ஆறு வாரம் ஆனது.

அதனால் போஸ்டர் கலர், ஃபேப்ரிக் பெயின்ட் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். முகத்துக்கென்றே விற்கும், தண்ணீரில் கரையும் பூச்சை மட்டும் வாங்குங்கள். முதல்நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ விட்டுவிடுங்கள். துணியும் பருத்திமாரும் சட்டென்று பற்றிக்கொள்ளும். விளக்கு, மத்தாப்பு பக்கம் போகவே வேண்டாம்.

தொப்பியைக் கழற்றியபோது...

ஹாமில்டன் நடிக்க வருமுன் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். குழந்தைகள் தன்னைப் பார்த்துப் பயப்படுவது அவருக்கு வருத்தம். 1975-ல் அமெரிக்கக் குழந்தைகளுக்கான ஒரு டி.வி. நிகழ்ச்சியில் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கறுப்பு உடையை ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டி, 'இது வெறும் வேஷம்' என்று பிள்ளைகளுக்குப் புரியவைத்தார்.

கல்லூரி விழாவில் எங்கள் கண்முன்னும் அது நடந்தது. யாரோ ஒரு பேராசிரியரின் மூன்று வயதுக் குழந்தை, பச்சை முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள். "இது அட்டை... இது துணி... இது எங்க அப்பாயி கட்டின துடைப்பம்" என்று ஒவ்வொன்றாகக் குழந்தையின் கையில் கொடுத்தாள். கடைசியில் அந்தக் குழந்தை தொப்பியைத் திருப்பித் தரத்தான் அழுதது.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஆறுதல் பரிசு.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் குழந்தை அழுத கதையைச் சொன்னாள் மகள். அவர் எதுவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க சின்னத்தைக்குக் கழட்டி வைக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு" என்றார்.

மறுநாள் காலை வாசலில் சரக் சரக்கென்று சத்தம். எல்ஃபாபாவின் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார் மாமியார்.

"நல்லாத்தான் கூட்டுது!"