வில் பிறக்கும் விதம்

வில்லை வளைப்பவன் வீரன். அது வளையும்படி செய்பவன் தச்சன். வீரனைப் பாடியவர் பலர். தச்சனின் திறத்தை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஒரு மரத்துண்டு எவ்வாறு வில்லாகிறது என்பதை இங்கே சுருக்கமாக விளக்க முயல்கிறேன்.

இங்கிலாந்தின் நெடுவில்லையே எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கண்ணாற் காணத்தக்க சான்று உண்டு. 1545ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் மூழ்கியது. அதன் உடற்பகுதி 1982இல் மேலே தூக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவை யூ என்னும் மரத்தாலானவை. ஆறடிக்கு மேல் நீளமுள்ளவை.

யூ மரத்தை ஏன் தேர்ந்தார்கள்? வில் வளையும்போது இலக்கை நோக்கிய புறம் நீள்கிறது. வில்லாளியை நோக்கிய அகம் அமுங்குகிறது. யூ மரத்தின் வெளிறு இழுவிசையை நன்கு தாங்கும். வைரமோ அமுக்கத்தைத் தாங்கும். ஆகவே வெளிறு புறத்திலும் வைரம் அகத்திலும் அமையும்படி மரத்தைப் பிளந்தார்கள். புறத்தில் மரநார் அறுபடலாகாது. அறுபட்ட இடத்தில் முறிவு தொடங்கும். ஆதலால் கனத்தைக் குறைக்கும் வேலையெல்லாம் பெரும்பாலும் அகத்திலேயே நடைபெறும்.

இனி, வில் நடுவிலிருந்து நுனிவரை ஏன் ஒடுங்க வேண்டும்? நாணை இழுக்கும்போது வளைக்கும் தாக்கம் பிடிக்கருகே மிகுதி. நுனியை நெருங்க நெருங்கக் குறைவு. முழுதும் ஒரே பருமனாக இருந்தால் நடுப்பகுதியே சுமையைத் தாங்கி நலியும். நுனிகளோ சும்மா இருக்கும். அத்துடன், கனத்த நுனிகளை நகர்த்துவதிலேயே அம்புக்குச் சேரவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி வீணாகும்.

எவ்வளவு சீவுவது? இங்கேதான் ஆபத்து. அகலம் மாறாமல் கனத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அவ்விடத்தின் விறைப்பு நூற்றுக்கு 27 பங்கு குறைந்துவிடும். சீவிய சுருளை மீண்டும் ஒட்ட வழியில்லை.

ஆகவே, இன்று கையால் வில் செய்வோரும் பொறுமையையே முதற் கருவியாகக் கொள்கிறார்கள். வில்லின் பிடியை ஒரு தாங்கியின் மேல் பொருத்தி, நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, எட்ட நின்று வளைவைப் பார்ப்பார்கள். விறைத்து நிற்கும் இடத்தில் குறியிட்டு, அங்கே மட்டும் அரத்தாலோ கத்தி விளிம்பாலோ சுரண்டுவார்கள். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடவே மாட்டார்கள். அதன் இருமருங்கையும் இளக்கி, அதன் சுமையைக் குறைப்பார்கள். சீவியதன் விளைவு உடனே முழுதும் தெரியாது. பலமுறை மெல்ல வளைத்துவிட்டே மீண்டும் பார்க்கவேண்டும். இரு பாதிகளும் ஒத்து வளைந்த பின்னரே நாணை மேலும் ஓர் அங்குலம் இழுப்பார்கள்.

ஆக, வில்லின் வலிமை மரத்தின் பருமனில் மட்டும் இல்லை. ஒவ்வோர் அங்குலமும் தன் பங்கைச் சுமப்பதில் இருக்கிறது. நுனி நோக்கித் தக்கவாறு ஒடுங்கும் உத்திரம் எங்கும் ஒரே உறுதியுடன் நிற்கும் என்பதைக் கலிலியோ தம் நூலில் காட்டியது 1638இல். மேரி ரோஸ் மூழ்கி 93 ஆண்டுகளுக்குப் பிறகு! உத்திரக் கணக்கோடு போராடும் பொறியியல் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: நாம் தாளில் தேடும் விடையை, அந்தப் பெயரறியாத் தச்சர்கள் முன்பே மரத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.