33 ஆண்டுகள் உழைத்த காட்டு விமானம்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் பால் ஏற்றிய பழைய லோரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மழை, சேறு எதற்கும் அஞ்சாதவை. அந்த லோரிக்கு இறக்கை முளைத்தால்? அப்படி ஒன்று கனடாவில் இருந்தது!

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். டி ஹாவிலண்ட் கம்பெனி புதிய விமானம் ஒன்றைச் செய்ய முனைந்தது. காட்டு ஏரிகளிலும் பனியிலும் இறங்கிப் பழகிய விமானிகளிடமே, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது. (முதலாளிமார் இப்படிக் கேட்பது அபூர்வந்தானே!) எண்ணெய்ப் பீப்பாயை அப்படியே உருட்டி ஏற்றும்படி கதவு அகலமாக வேண்டும், குறுகிய இடத்தில் எழும்ப வேண்டும் என்றார்கள் அவர்கள். கேட்டது கிடைத்தது. பறக்கும்போதே, இருந்த இடத்திலிருந்து இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றவும் வழி செய்யப்பட்டது!

பெயர் 'பீவர்'. மரத்தைக் கொறித்து அணை கட்டும் உழைப்பாளி விலங்கின் பெயர் அது. முதல் பீவர் 1947 ஆகஸ்டு 16-ஆம் நாள் டொராண்டோவில் பறந்தது. முதன்முதலாகச் செய்ததைக் காட்சிக்கு வைத்துவிடவில்லை. மறு ஆண்டே பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்த சிறிய விமானக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். பல கைகள் மாறி, 1980 வரை அது உழைத்தது.

நம் நாட்டிலும் அவசரகாலத்தில் காட்டுக் கோட்டைகளுக்குச் சாமான் கொண்டு சென்றவை ஸ்காட்லாந்தில் செய்த 'பயனீர்' என்னும் சிறு விமானங்களே.

பீவர் உற்பத்தி 1967-இல் நின்றது. மூத்த பீவர் ஒட்டாவா விமானக் காட்சிச்சாலையில் ஓய்வெடுக்கிறது. அதன் தம்பிமார் பலர் இன்னும் ஏரிகளில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.