கொடுவா மீனும் தூண்டிலும்

பொழுது விடியும் நேரம். கேரளத்தில் ஒரு காயல். வற்றம் தொடங்கிவிட்டது. காயல் தண்ணீர் கடலை நோக்கி ஓடுகிறது. பாலத்தின் தூண் அருகே ஒரு சிறு வள்ளம் நிற்கிறது. அதில் ஒரு மீனவரும் அவர் மகனும் இருக்கிறார்கள்.

மகனின் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. அரைக் கிலோ இருக்கும். மகனுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் தந்தை முள்ளைக் கழற்றினார். மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். மகன் முகம் வாடிவிட்டது.

"ஏன் அச்சா விட்டுவிட்டாய்?"

"அது இன்னும் தாயாகவில்லை மோனே."

"அது ஆணோ பெண்ணோ, யாருக்குத் தெரியும்?"

"இப்போது அது ஆண்தான். வளர்ந்தால்தான் பெண்ணாகும்."

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆண் மீன் எப்படிப் பெண்ணாகும்? அவர் சொன்னது வேடிக்கை இல்லை. முழு உண்மை. அந்த மீனின் பெயர் கொடுவா.

பல பெயர், ஒரே மீன்

தமிழில் இது கொடுவா. மலையாளத்தில் காளாஞ்சி. தெலுங்கில் பண்டுகப்பா. வங்காளத்தில் பேட்கி. கொல்கத்தாவில் கடுகு அரைத்துத் தடவி, வாழை இலையில் சுற்றிப் பேட்கியை வேக வைப்பார்கள். விருந்துகளில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கொடுவாவுக்கு முள் குறைவு. சதை வெள்ளையாக இருக்கும். சுவை அதிகம். அதனால் விலையும் அதிகம். இது 50 கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. ஆனால் அவ்வளவு பெரிய மீன் கிடைப்பது அரிது.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே

கொடுவா இரண்டு வீடு உள்ள மீன். கடலை ஒட்டிய முகத்துவாரத்தில் முட்டையிடும். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி இது நடக்கும். முட்டையும் குஞ்சும் ஏற்றத்தோடு கழிக்குள் வந்து சேரும். குஞ்சுகள் காயலிலும் ஆற்றிலும் வளரும். வளர்ந்த பின் முட்டையிட மறுபடியும் முகத்துவாரத்துக்குப் போகும்.

அப்படியானால் அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும்?

ஒடிசாவில் சிலிகா ஏரி இருக்கிறது. அது வங்கக் கடலை ஒட்டிய பெரிய உவர்நீர் ஏரி. 1990களில் அதன் வாய் மணலால் அடைபட்டு வந்தது. ஏரியில் உப்பு குறைந்தது. களைகள் பெருகின. மீன் வரத்து மிகவும் குறைந்துபோனது. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே மீனும் இறாலும் நண்டும் பல மடங்கு பெருகின. மீனுக்கு வழி விட்டால் மீன் வரும். சிலிகா கற்றுத்தந்த பாடம் இது.

ஆண் பெண்ணாகும் அதிசயம்

கொடுவாக்களில் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே வளர்கின்றன. 2 அல்லது 3 கிலோ எடையில் அவை ஆண் மீன்கள். மேலும் வளர்ந்து சுமார் 4 கிலோவைத் தாண்டும்போது பெண்ணாக மாறுகின்றன. இன்று தாயாக இருக்கும் கொடுவா முன்பு தந்தையாக இருந்திருக்கும்!

இதில் நமக்கு என்ன? யோசித்துப் பாருங்கள். சின்ன மீன்களையே பிடித்துக்கொண்டிருந்தால் எந்த மீனும் தாயாக வளராது. முட்டை இடுவது யார்? பெரிய மீன்களை எல்லாம் பிடித்துவிட்டாலும் அதே கதிதான். ஒரு பெரிய தாய் மீன் பல லட்சம் முட்டைகள் இடும். அது போனால் அவ்வளவும் போகும்.

மீன் எங்கே காத்திருக்கும்?

கொடுவா ஓடி ஓடி இரை தேடுவது குறைவு. மறைந்திருந்து பிடிக்கும். பாலத் தூண், மூழ்கிய மரம், பாறை, அலையாத்தி மரத்தின் வேர், இவைதான் அது மறையும் இடங்கள்.

வற்றத்தின்போது சிறு ஓடைகளிலிருந்து தண்ணீர் வடியும். அதோடு இறாலும் பொடி மீனும் வெளியே வரும். ஓடை வாயில் கொடுவா காத்திருக்கும். இரை அருகே வந்ததும் வாயைத் திடீரென்று திறக்கும். தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும். அப்போது "டப்" என்று சத்தம் கேட்கும். அனுபவம் உள்ளவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே மீன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

தூண்டில் சாமான்கள்

கொடுவாவுக்குத் தூண்டில் போடச் சில சாமான்கள் வேண்டும்.

கம்பு: ஆறு அல்லது ஏழு அடி நீளம் போதும். வளைய வேண்டும், முறியக் கூடாது.

ரீல்: நரம்பு சுற்றும் சக்கரம் இது. இதில் ஒரு பிரேக் உண்டு. மீன் பலமாக இழுத்தால் சக்கரம் சுற்றி நரம்பை விட்டுக்கொடுக்கும். அதனால் நரம்பு அறுவதில்லை.

நரம்பு: இதைத் தங்கூசி என்றும் சொல்வார்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போலக் கூர்மையானது. மீன் தலையை உதறினால் மெல்லிய நரம்பு அறுந்துவிடும். அதனால் முள்ளுக்கு மேலே இரண்டு முழம் தடித்த நரம்பு கட்ட வேண்டும்.

முள்: சின்ன முள்ளில் சின்ன மீனும் மாட்டும். பெரிய முள் போட்டால் பொடி மீன்கள் மாட்டுவது குறையும். வட்ட முள் என்று ஒரு வகை உண்டு. அதன் முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். அது பெரும்பாலும் மீனின் வாய் ஓரத்தில்தான் மாட்டும். குடலில் மாட்டுவது குறைவு. வட்ட முள் போட்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நிதானமாகச் சுற்ற வேண்டும்.

இரை: உயிருள்ள இறால், மடவைக் குஞ்சு இரண்டும் நல்ல இரை.

பொய் இரையும் உண்டு. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ சிறு மீன் போலச் செய்திருப்பார்கள். அதை மறைவிடத்தின் அருகே வீச வேண்டும். இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பிறகு நிறுத்த வேண்டும். அடிபட்ட மீன் தடுமாறுவது போல அது ஆடும். நிறுத்தும் அந்த நொடியில்தான் கொடுவா பெரும்பாலும் பாயும்.

கயாக் என்னும் சிறு தோணி

இப்போது சிலர் கயாக்கில் போய்த் தூண்டில் போடுகிறார்கள். கயாக் என்பது ஒருவர் உட்காரும் ஒடுக்கமான தோணி. பத்து, பன்னிரண்டு அடி நீளம் இருக்கும். துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை உண்டு. வலமும் இடமும் மாற்றி மாற்றித் துழாவ வேண்டும். எஞ்சின் சத்தம் இல்லை. டீசல் செலவு இல்லை. முழங்கால் அளவு தண்ணீரிலும் போகும். மீன் மிரளாது.

ஆனால் சிறிய தோணியில் ஆபத்து பெரியது. சில விதிகளை மறக்கவே கூடாது.

உயிர்காக்கும் சட்டையை எப்போதும் போட்டுக்கொள்ள வேண்டும். தோணியில் வைத்திருந்தால் பயன் இல்லை. உடம்பில் இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

காற்று பலமாக வீசினாலோ இடி இடித்தாலோ போகக் கூடாது. வற்றத்தில் முகத்துவாரத்துக்கு அருகே போகக் கூடாது. ஓட்டம் கடலுக்குள் இழுத்துவிடும்.

நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பெரிய மீன் இழுத்தால் விரலை அறுத்துவிடும். ஒரு சிறு கத்தியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஆபத்து வந்தால் நரம்பை அறுத்துவிடலாம். மீன் போனால் நாளை வரும். உயிர் போனால் வருமா?

தோணி கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தக் கூடாது. தோணியைப் பிடித்துக்கொண்டே மிதக்க வேண்டும்.

சின்ன மீனை விடுவது எப்படி?

சின்ன மீன் மாட்டினால் அது உயிரோடு போக வேண்டும். அதற்கு முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மீன் மேல் உள்ள வழுவழுப்பு போய்விடும். பிறகு நோய் பிடிக்கும். செவுளுக்குள் கை விடாதீர்கள். மீனுக்கும் ஆபத்து, உங்கள் விரலுக்கும் ஆபத்து. முள்ளைத் தண்ணீரில் வைத்தே கழற்றுங்கள். முள் ஆழத்தில் இருந்தால் நரம்பை மட்டும் அறுத்துவிடுங்கள். மீனை நேராகப் பிடித்திருங்கள். அது தானாக வாலை அசைத்து நீந்தும். அப்போது விடுங்கள்.

"நான் விட்டால் அடுத்தவன் பிடிப்பான்"

இப்படிச் சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கடன் கட்ட வேண்டும். கைக்கு வந்த மீனை விடுவது எளிதல்ல. அதனால்தான் இது ஒருவர் செய்யும் வேலை இல்லை. ஊரே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய வேலை. எவ்வளவு சிறிய மீனை விட வேண்டும், எவ்வளவு சிறிய கண் உள்ள வலை கூடாது என்று மீனவர் சங்கத்தில் பேசலாம். மீன்வளத் துறை அலுவலகத்திலும் கேட்கலாம். கேரள அரசு 2015ஆம் ஆண்டு சில கடல் மீன்களுக்கு இப்படிக் குறைந்த அளவு விதித்தது.

விஞ்ஞானிகளும் உதவுகிறார்கள். சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே 1997ஆம் ஆண்டு கொடுவாவைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இன்று அந்த முறையில் வரும் குஞ்சுகளைக் குளத்திலும் கூண்டிலும் வளர்க்கிறார்கள். ஆனாலும் காயலில் தானாகப் பெருகும் மீனுக்கு விதை வாங்க வேண்டாம், தீனி போட வேண்டாம். தாய் மீன் இருந்தால் போதும்.

அந்த வள்ளத்துக்கு மறுபடியும் போவோம். வெயில் ஏறிவிட்டது. மகனின் தூண்டிலில் இன்னொரு மீன். இரண்டரைக் கிலோ இருக்கும். தந்தை சிரித்தார். "இதை வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்றார்.

அடுத்து ஒரு சின்ன மீன் மாட்டியது. இந்த முறை தந்தை ஒன்றும் சொல்லவில்லை. மகனே கையை நனைத்துக்கொண்டான்.