குழியும் மூட்டையும்

1894-இல் உச்சிப்புளியை அடுத்த பிரப்பன்வலசை மயானத்தில் குழி வெட்டி, அதற்குள் இறங்கி உட்கார்ந்தார் பாம்பன் சுவாமிகள். 35 நாள். பேய்கள் வந்து மிரட்டியதும், கடைசியில் முருகன் காட்சி தந்ததும் அந்தக் குழியில்தான் என்கிறது அவர் வரலாறு. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் அவர் கையாண்டவை தனிமை, சுடுகாட்டு இரவு, ஓயாத செபம், இவ்வளவுதான்.

இந்த ராமநாதபுரக் கரைக்கு இப்படிப்பட்ட இறைத்தேடல் புதிதல்ல. தாயுமானவர் அடங்கியது ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில். தொண்டிப் பக்கம் குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிரை, இறைவன்மேல் பித்தேறியவர் என்று மஸ்தான் சாகிபு ஆக்கினார்கள்.

புகையும் இல்லாமலில்லை. காசியிலிருந்து ராமேஸ்வரம் வந்த பைராகிகளின் சிலும்பியில் கஞ்சா சிவனுக்கு உகந்த பொருள். அன்று அது அரசு உரிமத்தோடு விற்ற சரக்கும்கூட. சுவாமிகள் குழிக்குள் இருந்த அதே 1894-இல் வெள்ளையர் அரசின் கஞ்சா விசாரணைக் குழு தன் அறிக்கையைத் தந்தது: அளவோடு புகைப்பதால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம்.

தடை 1985-இல் வந்தது. கஞ்சாச் செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனி குற்றமானது. வெறும் இலை தப்பியதால் வடக்கே பாங்கு இன்னும் ஓடுகிறது.

கடவுளைத் தேடும் போதை இப்போது ஆய்வகத்துக்குப் போய்விட்டது. 2006-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 36 பேருக்குச் சைலோசைபின் கொடுத்திருந்தார்கள். கொடைக்கானலில் இளவட்டங்கள் தேடி அலையும் காளானில் இருப்பதும் அதுதான். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர், வாழ்வின் ஆழமான ஐந்து அனுபவங்களில் அதுவும் ஒன்று என்றார்கள். முன்கூட்டியே மணிக்கணக்கில் பேசிப் பக்குவப்படுத்தி, கண்ணைக் கட்டிப் படுக்க வைத்து, பக்கத்தில் துணைக்கு ஆள் உட்கார்ந்த பிறகே இவ்வளவும். குழி மட்டும் வெட்டவில்லை.

அதே ராமநாதபுரத்து வேதாளை, மண்டபம் கரையில் இன்று பேச்செல்லாம் கிலோவில். ஆந்திர, ஒடிசா மலைகளில் விளையும் கஞ்சா பொட்டலமாகி, மூட்டையாகி, ராத்திரியில் படகேறி இலங்கைக்குப் போகிறது. அங்கே செய்தித்தாள்களில் அதற்குப் பெயர் கேரள கஞ்சா! சுமப்பவன் புகைப்பதில்லை, புகைப்பவன் கடலுக்கு அந்தப் பக்கம். பிடிபட்டால் தராசுதான் பேசும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை.