கடல் புயல் உடைத்த குடகனாறு அணை!

சிறுமலையையும் கணக்கில் சேர்க்கும் கம்ப்யூட்டர்

திண்டுக்கல்லில் கடல் இல்லை. நாகப்பட்டினம் கடற்கரை அங்கிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஆனால், புயலுக்கு அது ஒரு தூரமே அல்ல!

கடலில் பிறந்த ஒரு புயல், திண்டுக்கல் சமவெளியில் இருந்த அணையையே உடைத்துவிட்டது.

1977-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி அதிகாலை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பயங்கரப் புயல் கரை ஏறியது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையில் மணிக்கு சுமார் 120 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தது. 560 பேர் மாண்டார்கள். 10 லட்சம் பேர் வீடு இழந்தார்கள்.

புயல் அதோடு நிற்கவில்லை. உள்நாட்டைக் கடந்து, மறுநாள் காலை கேரளக் கடலில் இறங்கியது. போகிற வழியெல்லாம் மழையைக் கொட்டியது.

பாதியில் நின்ற ஷட்டர்கள்

குடகனாறு, பழனி மலைச் சாரலில் பிறக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் ஓடி, வேடசந்தூரைக் கடந்து, அமராவதியில் கலக்கிறது. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் அதற்கு ஓர் அணை உண்டு. அப்போது அது மண் அணை. தண்ணீரைத் திறந்துவிட 5 ஷட்டர்கள் இருந்தன.

அந்த நவம்பர் மழையில் வெள்ளம் சீறி வந்தது. ஊழியர்கள் ஷட்டர்களைத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது! ஷட்டர்கள் பாதியில் நின்றன. ஜெனரேட்டரை ஓட்டினார்கள், பயன் இல்லை. பிறகு கையாலேயே தூக்கப் பார்த்தார்கள்.

வெள்ளம் அவர்களை முந்திக்கொண்டது. தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிந்தது. வழிந்த தண்ணீர், கரையின் மறுபுறத்து மண்ணை அரித்தது. பல இடங்களில் உடைப்பு எடுத்தது. ஒவ்வொன்றும் 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளம்!

பிறகு அணை மீண்டும் கட்டப்பட்டது. ஆனால், ஒரு கேள்வி நிற்கிறது. "நாளை இந்த மலையில் இவ்வளவு மழை பெய்யும்" என்று முதல் நாளே தெரிந்திருந்தால்? மின்சாரம் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்திலேயே ஷட்டர்களைத் திறந்திருக்கலாம் அல்லவா?

காற்றுக்கும் கணக்கு உண்டு

மழையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா? முடியும் என்றார் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். போர்முனையிலும் பேப்பரும் பென்சிலுமாக வானிலைக் கணக்குப் போட்டார். 6 மணி நேர வானிலையைக் கணக்கிட அவருக்குப் பல வாரம் பிடித்தது. விடையும் தப்பு!

அவர் மனம் தளரவில்லை. 1922-ம் ஆண்டு அதைப் புத்தகமாகவே எழுதினார். 64 ஆயிரம் பேர் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டால், வானிலையோடு போட்டி போடலாம் என்றார். அந்த 64 ஆயிரம் பேரின் வேலையைத்தான் கம்ப்யூட்டர் இன்று தனியாகச் செய்கிறது.

கணக்கு எப்படி நடக்கிறது?

பூமியின் மீது கட்டம் கட்டமாகக் கோடு போடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம், வெப்பம், அழுத்தம், ஈரம் எவ்வளவு என்று குறிக்கிறார்கள். ஒரு கட்டத்துக் காற்று அடுத்த கட்டத்துக்கு எப்படிப் போகும் என்று கணக்கிடுகிறார்கள். சில நொடிக்கோ, சில நிமிடத்துக்கோ ஒரு முறை கணக்கு முன்னேறும். இப்படியே நாளைய வானிலைக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

சல்லடைக் கண்

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சல்லடையின் கண் பெரிதாக இருந்தால், சின்னக் கல் தப்பிவிடும். கட்டமும் அப்படித்தான்.

பக்கத்துக்கு 100 கி.மீ. உள்ள கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல், சிறுமலை, கொடைக்கானல் எல்லாம் அந்த ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். திண்டுக்கல் நகரின் உயரம் 300 மீட்டருக்கும் குறைவு. கொடைக்கானலோ 2 ஆயிரம் மீட்டருக்கு மேல். பெரிய கட்டம் இரண்டையும் கலந்து சராசரி போட்டுவிடும். மலையும் இல்லை, பள்ளமும் இல்லை! புயலின் கண்கூட அதில் தெரியாது.

3 கி.மீ. கட்டம் போட்டால், சிறுமலை சிறுமலையாகவே நிற்கும். ஈரக் காற்று மலையில் மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டுவதும் கணக்கில் வரும்.

ஆனால், செலவு அதிகம். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்கு ஆகும். கணக்குப் போடும் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆகவே, வேலை 8 மடங்கு! அதனால் உலகத்துக்குப் பெரிய கட்டம் போட்டு, வேண்டிய வட்டாரத்துக்கு மட்டும் சிறு கட்டம் போடுகிறார்கள்.

இந்தியாவில் வானிலைக்கென்று சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது 1980-களின் இறுதியில்தான். 2025 மே மாதம், புனா விஞ்ஞானிகள் உருவாக்கிய 6 கி.மீ. கட்ட முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தது 12 கி.மீ. கட்டம்.

மீண்டும் அதே பாதை

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் 'கஜா' புயல் வந்தது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறி, 1977-ம் ஆண்டுப் புயலைப் போலவே உள்நாட்டில் புகுந்தது. கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்தன.

இந்த முறை எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போனார்கள். அப்படியும் 40-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. முன்னறிவிப்பால் காற்றைத் தடுக்க முடியாது. ஆளைக் காப்பாற்ற முடியும்.

நாளைய புயல்

விஞ்ஞானிகள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். பழைய புயலைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு கடலின் சூட்டைக் கூட்டி, அதே புயலை மீண்டும் ஓட்டுகிறார்கள். காற்றின் சூடு 1 டிகிரி சென்டிகிரேட் கூடினால், அது சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைச் சுமக்கும். ஆகவே, நாளைய புயல் இன்னும் கனமான மழையைக் கொண்டுவரலாம்.

கணக்கு தவறுவதும் உண்டு. தொடக்கத்தில் சிறு பிழை இருந்தாலும், போகப் போக அது பெரிதாகிவிடும். அதனால் ஒரே புயலைப் பல முறை, சிறு சிறு மாற்றத்தோடு ஓட்டிப் பார்க்கிறார்கள். பல விடைகள் ஒரே பக்கம் காட்டினால் நம்பிக்கை கூடுகிறது.

அணை கட்டுகிறவருக்கும், பாலம் போடுகிறவருக்கும், ஆற்றோரம் வீடு கட்டுகிறவருக்கும் இந்தக் கணக்கு தேவை. "புயல் கடற்கரைக்காரர்கள் பாடு" என்று திண்டுக்கல் இருந்துவிட முடியாது. நாகையில் புயல் கூண்டு ஏறினால், குடகனாற்றங்கரையும் விழித்துக்கொள்ள வேண்டும்!