சின்சில்லாவைப் பழக்குதல்
சின்சில்லா என்பது தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைத்தொடரைத் தாயகமாகக் கொண்ட, அடர்ந்த மென்மயிர் உடைய கொறித்துண்ணி ஆகும். காட்டில் ஆந்தை, நரி முதலியவற்றுக்கு இரையாகும் விலங்கு என்பதால், மேலிருந்து நீளும் கையைக் கண்டால் அஞ்சி ஓடும்.

புதிதாக வந்த சின்சில்லாவைச் சில நாட்கள் தொடாமல் விட வேண்டும். அந்தி வேளையில் அது விழித்து உலவும்போது கூண்டருகே அமர்ந்து மெல்லப் பேசலாம். பின்னர் உள்ளங்கையில் சிறிது உலர்புல் வைத்துக் காத்திருந்தால், நாளடைவில் தானாகவே கையில் ஏறும். துரத்திப் பிடித்தால் இந்நம்பிக்கை கெடும்.

தூக்கும்போது ஒரு கையை மார்பின் கீழும், மற்றொன்றைப் பின்கால்களின் கீழும் வைத்து, உடலோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்தால் அவ்விடத்து மயிர் கொத்தாகக் கழன்றுவிடும். பகைவிலங்கின் பிடியிலிருந்து தப்ப உதவும் இயல்பு இது. அம்மயிர் மீண்டும் வளரச் சில மாதங்கள் ஆகும். விலா எலும்புகளும் அழுத்தத்தைத் தாங்கா.

குளிர்மலைக்கு ஏற்ற இம்மயிர்ப்போர்வையால், 25° செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் சின்சில்லாவுக்கு ஆபத்தானது. கோடையில் 35° செல்சியசைத் தாண்டும் தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டி போன்ற ஊர்களில், குளிரூட்டிய அறையின்றி இதை வளர்க்கக் கூடாது. காதுகள் சிவந்து சோர்ந்து கிடந்தால், உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.