உஷார்! 'ஐ7, 4 ஜிபி கார்டு' என்று மட்டும் எழுதித் தந்தால் பணம் கட்டாதீர்கள்

பிள்ளைக்கு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கக் கொட்டேஷன் கேட்டிருக்கிறீர்களா? அதை இப்போதே எடுத்துப் பாருங்கள். "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று மட்டும் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மாடல் எண் இல்லாத அந்த ஒரு வரியில், பத்து வருஷத்துக்கு முந்தைய சரக்கைத் தாராளமாக உங்கள் தலையில் கட்டிவிடலாம்.

2011இல் வந்த ஐ7-2600ம் ஐ7தான். அதில் நான்கு கோர், எட்டு த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100எஃப்பிலும் அதே எண்ணிக்கைதான். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7 இந்த ஐ3யின் பக்கத்தில்கூட வராது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ஐ7களில், ஒரு சிலவற்றைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

'4 ஜிபி கார்டு' என்பது அதைவிட மோசமான வலை. 2014இல் வந்த ஜி.டி. 730 கார்டும் 4 ஜிபியில் கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது மந்தமான டி.டி.ஆர்.3 மெமரி. ஜிபி கூடினால் வேகம் கூடிவிடாது. ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், இந்தக் கார்டைச் சுலபமாக முந்திவிடும். பணம் கொடுத்துக் கார்டு வாங்கியும் பலன் இல்லை!

தலைகீழான தவறும் நடக்கிறது. பட்ஜெட் முழுவதையும் கார்டில் கொட்டிவிட்டு, பழைய பிராசஸரோடு அதை இணைக்கிறார்கள். கேமில் எதிரி எங்கே நகர்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வது பிராசஸர். அதைப் படமாக வரைவது கார்டு. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும். வேலோரன்ட் போன்ற கேம்களில் அதிக எஃப்.பி.எஸ். (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) வேண்டுமென்றால் பிராசஸர் வலுவாக இருக்க வேண்டும். சைபர்பங்க் 2077 போன்றவற்றுக்குக் கார்டு வலுவாக இருக்க வேண்டும். கேம் திக்கித் திணறும்போது கார்டின் பயன்பாடு 50, 60 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் பிராசஸர்தான் பிரேக் போடுகிறது.

புது பாகங்களிலும் உஷார்! ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு மதர்போர்டோடு தகவல் பரிமாற நான்கே பி.சி.ஐ.இ. லேன்களை (பாதைகளை) பயன்படுத்துகிறது. ரைசன் 5 5600ஜியும் 5500ம் பழைய பி.சி.ஐ.இ. 3.0 வேகம்தான் தரும் என்பதால், அவற்றோடு சேர்த்தால் பல கேம்களில் வேகம் அடிபடும். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு இருக்கின்றன. 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு, வேகமும் குறைவு. ஐ3-12100எஃப் போல 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸரில் உள் கிராபிக்ஸே கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரிய கார்டு மாட்டித் தருகிறேன் என்றால் கேபினெட்டைத் திறந்து, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் காட்டச் சொல்லுங்கள். பலவற்றில் கார்டுக்கு மின்சாரம் தரும் 6 பின் ஒயரே இருக்காது.

கேமுக்கு வாங்குகிறவர்கள் பிராசஸருக்கு ஒரு பங்கு, கார்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு ஒதுக்குங்கள். படிப்புக்கும் ஆபீஸ் வேலைக்கும் என்றால் கார்டே வேண்டாம். உள் கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் வாங்கி, ராமை ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டாகப் போடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கடையிலேயே ஜி.பி.யூ.-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய ஜி.டி.எஸ். 450இன் பயாஸை மாற்றி, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று விற்கிறார்கள். அந்த மென்பொருள் பல போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிராசஸர், கார்டு, மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். நான்கின் முழு மாடல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். நேர்மையான கடைக்காரர் உடனே எழுதித் தருவார். எழுத மறுத்தால் ஒரு நிமிடம்கூட அங்கே நிற்காதீர்கள், அடுத்த கடைக்குப் போங்கள்!